பியூஜெட் சவுண்டில் படகின் கழிவுத் தொட்டி: எங்கே காலி செய்வது, எது சட்டம்?

புதுமாலுமி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். இந்த வசந்தத்தில் 32 அடிப் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, சியாட்டிலில் லேக் யூனியன் ஏரியில் கட்டியிருக்கிறோம், அங்கிருந்து பியூஜெட் சவுண்டு என்ற உள்கடலுக்குப் போகலாம். பாய், எஞ்சின், நங்கூரம் பற்றிக் கேட்டால் ஆளாளுக்கு வந்து மணிக்கணக்கில் பேசுகிறார்கள். கக்கூஸ் பற்றிக் கேட்டால் மட்டும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

படகில் கைப்பம்பு வைத்த கழிவறை இருக்கிறது. 20 காலன் தொட்டி. நடுவில் ஒரு ஒய் வால்வு. ஒரு பக்கம் திருப்பினால் தொட்டிக்குப் போகும், இன்னொரு பக்கம் திருப்பினால் நேரே தண்ணீருக்குப் போகும். விற்றவர், "நடுவில் போய்த் திருப்பிவிடு, யார் கேட்கப்போகிறார்கள்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அது சட்டப்படி சரியா? தொட்டியை உறிஞ்சிக் காலி செய்வதைப் பம்ப்-அவுட் என்கிறார்களே, அதை நாமே செய்ய வேண்டுமா, ஆள் வந்து செய்வார்களா? எவ்வளவு ஆகும்? கோடையில் சான் வான் தீவுகளுக்கு ஒரு வாரம் போவதாக இருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார். மாமியார் வருவதால் இந்த விஷயத்தில் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

கரையோரம் எழுதியது:

கரையிலிருந்து 3 கடல் மைல் தாண்டிவிட்டால் தொட்டியைக் கொட்டலாம், அதுதான் சட்டம். சவுண்டின் நடுவே ஆழமான இடமாகப் பார்த்துப் போய் விட்டுவிடுங்கள். வால்வு இருப்பதே அதற்குத்தானே.

சுக்கான் எழுதியது:

3 கடல் மைல் என்ற விதி இருப்பது உண்மைதான். அந்த 3 மைலை எங்கிருந்து அளப்பது என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். பக்கத்தில் தெரிகிற கரையிலிருந்து இல்லை, திறந்த கடலைப் பார்த்திருக்கும் கரையிலிருந்து அளக்க வேண்டும். பியூஜெட் சவுண்டு மொத்தமும் அந்தக் கோட்டுக்கு உள்ளே கிடக்கிறது. ஓரத்தில் நின்றாலும் நட்டநடுவில் நின்றாலும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றுதான். தொட்டியில் இருப்பதை அப்படியே கொட்ட ஆசைப்பட்டால் ஹுவான் டி ஃபூகா நீரிணை முழுவதையும் கடந்து, கேப் ஃப்ளாட்டரி முனையைத் தாண்டி, பசிபிக்குக்குள் இன்னும் 3 மைல் போக வேண்டும். 20 காலனுக்காக அவ்வளவு தூரம் போகிறவரை நான் பார்த்ததில்லை.

இது பழைய சட்டம். அதற்கு மேல் 2018 மே 10 முதல் பியூஜெட் சவுண்டு முழுவதும் நோ டிஸ்சார்ஜ் சோன், அதாவது சுத்திகரித்தாலும் கழிவறைக் கழிவை விடக் கூடாத பகுதி, ஆகிவிட்டது. மேற்கே நியூ டஞ்சனஸ் கலங்கரை விளக்கத்திலிருந்து டிஸ்கவரி தீவுக் கலங்கரை விளக்கத்தை நோக்கிக் கனடா எல்லை வரை ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கிழக்கே வாஷிங்டன் மாநிலக் கடல்நீர் எல்லாமே உள்ளே வந்துவிடும், சான் வான் தீவுகளும் சேர்த்து. நீங்கள் கட்டியிருக்கும் லேக் யூனியன், அந்தப் பக்கம் லேக் வாஷிங்டன், இவற்றைச் சவுண்டோடு சேர்க்கும் கால்வாய், எல்லாம் அதே கணக்குத்தான்.

அதற்கு முன்னால் படகிலேயே சுத்திகரித்து வெளியே விடுவதற்கு இடம் இருந்தது. உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிக் கிருமியைக் கொல்லும் சின்னக் கருவிகள் வரும். அந்த வகைக்கு டைப் 1 என்று பெயர். 100 மில்லிலிட்டரில் மலக் கோலிஃபார்ம் என்ற பாக்டீரியா 1000-ஐத் தாண்டக் கூடாது, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதுவும் மிதக்கக் கூடாது என்பது அதற்கான அளவு. டைப் 2 இன்னும் கறார், 200. இப்போது சவுண்டுக்குள் இரண்டுமே செல்லாது. நிறையச் செலவழித்து ஒழுங்காக டைப் 1 மாட்டியவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. சட்டத்தை மதித்தவர்களும் திருட்டுத்தனமாகத் திறந்துவிட்டவர்களும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியதாகிவிட்டது. உங்களுடையது வெறும் சேமிப்புத் தொட்டி, டைப் 3. அதனால் உங்களுக்கு எதுவும் மாறவில்லை.

பாத்திரம் கழுவுகிற தண்ணீர், குளிக்கிற தண்ணீர் இரண்டும் நம் மாதிரிச் சொந்தப் படகுகளுக்கு இந்தத் தடையில் வராது. அதற்காகக் கவலைப்பட்டுக் குளிக்காமல் இருக்க வேண்டாம்.

அடுத்து அந்த ஒய் வால்வு. அது படகில் இருப்பது குற்றமில்லை, பசிபிக் பக்கம் போகிறவர்களுக்குத் தேவைப்படும். ஆனால் சவுண்டுக்குள் இருக்கும் வரை கடலுக்குப் போகும் வழியை அடைத்துப் பூட்டி வைத்திருக்க வேண்டும். "நான் திருப்பவில்லை, மூடித்தான் இருக்கிறது" என்று சொன்னால் போதாது. கூட்டாட்சி விதி மூன்று வழி சொல்கிறது. வால்வை மூடிக் கைப்பிடியைக் கழற்றிவிடலாம். மூடிய நிலையில் பூட்டுப் போடலாம். இல்லாவிட்டால் வெட்டினால் ஒழியக் கழற்ற முடியாத பிளாஸ்டிக் டையால் இறுக்கிக் கட்டலாம். எங்கள் படகில் டைதான். மஞ்சள் நிறத்தில் வாங்கிக் கட்டியிருக்கிறோம். கோஸ்ட் கார்டு (கடலோரக் காவல்படை) சோதனைக்கு ஏறும்போது டார்ச் அடித்ததும் பளிச்சென்று தெரியும், அவர்களும் குனிந்து பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். சில படகுகளில் ஒய் வால்வு தவிர, தொட்டியிலிருந்து கடலுக்குத் தள்ளும் தனிப் பம்பும் அதற்கென்று ஒரு சீகாக்கும் (கடல்பக்க வால்வு) இருக்கும். அந்த வழியும் அடைபட்டிருக்க வேண்டும். உங்கள் படகில் ஒவ்வொரு ஹோஸாகக் கை வைத்துத் தடவிக்கொண்டே போய் எது எங்கே முடிகிறது என்று பாருங்கள். பழைய படகுகளில் முந்தைய சொந்தக்காரர்கள் செய்து வைத்திருக்கும் வேலையைப் பார்த்தால் தலை சுற்றும்.

பம்ப்-அவுட் பயப்படும்படி ஒன்றுமில்லை. பெரும்பாலும் நாமே செய்துகொள்வதுதான். 1992-இல் கிளீன் வெசல் ஆக்ட் என்று ஒரு சட்டம் வந்தது. மீன்பிடிச் சாமான், மோட்டார் படகு எரிபொருள் இவற்றின் மீது வாங்கும் வரியிலிருந்து பம்ப்-அவுட் நிலையங்கள் கட்டப் பணம் தருகிறார்கள், செலவில் 75 சதவீதம் வரை. அந்தப் பணத்தில் கட்டிய நிலையம் எல்லாப் படகுக்கும் திறந்திருக்க வேண்டும், கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. நம் பக்கம் பல இடங்களில் காசே வாங்குவதில்லை. ஆக, இது நம் மாதிரி ஆட்களுக்காக வரிப்பணத்தில் கட்டியதுதான், கூச்சப்படாமல் போய்ப் பயன்படுத்துங்கள். வாஷிங்டன் சீ கிராண்ட் என்ற கடல்சார் அமைப்பு நடத்தும் பம்ப்-அவுட் வாஷிங்டன் தளத்தில் வரைபடம் இருக்கிறது. ஷில்ஷோல் பே மெரினாவில் உண்டு, ஃப்ரைடே ஹார்பரில் உண்டு. ரோச் ஹார்பரில் பம்ப்-அவுட் படகே நம்மைத் தேடி வரும்.

செய்முறை இதுதான். ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். டெக்கில் "வேஸ்ட்" என்று பொறித்த மூடியைத் திறங்கள். பக்கத்திலேயே "வாட்டர்", "ஃபியூயல்" என்று அதே அளவில் அதே பளபளப்பில் மூடிகள் இருக்கும், அவசரத்தில் கை தவறக் கூடாது. ஹோஸ் முனையில் இருக்கும் ரப்பர் கூம்பை ஓட்டையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பம்பைப் போட்டு, முனையிலுள்ள வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். ஹோஸில் ஒரு கண்ணாடிக் குழாய்த் துண்டு இருக்கும். அதில் ஓடுவதைப் பார்க்க நன்றாக இருக்காதுதான், ஆனால் அதைப் பார்த்துத்தான் முடிந்ததா இல்லையா என்று தெரியும். காலியானதும் சில காலன் தண்ணீரைத் தொட்டிக்குள் விட்டு மறுபடி உறிஞ்சுங்கள், அடியில் தங்கிய சேறு அப்போதுதான் வரும். அந்தத் தண்ணீரைக் குடிநீர்க் குழாயிலிருந்து விடாதீர்கள், பம்ப்-அவுட் பக்கத்தில் கழுவுவதற்கென்று தனி ஹோஸ் வைத்திருப்பார்கள். கடைசியில் முனையை ஒரு வாளித் தண்ணீருக்குள் விட்டு உறிஞ்சவிட்டு, அப்புறம் பம்பை நிறுத்துங்கள். அடுத்து வருகிறவருக்குச் செய்யும் மரியாதை அது.

இப்போது உங்கள் பயணக் கணக்கு. ஒரு தடவை ஒழுங்காகப் பம்பு அடித்தால் முக்கால் காலன் போகும். ஐந்து பேர், ஆளுக்கு நாலு தடவை என்றால் ஒரு நாளைக்கே 15 காலன். 20 காலன் தொட்டி இரண்டாம் நாள் மதியத்துக்குத் தாங்காது. அதனால் தினம் இரவு எங்கே நங்கூரம் போடுவது என்று திட்டமிடுவதற்கு முன்னால், எந்தெந்த நாள் எந்த பம்ப்-அவுட் வழியாகப் போவது என்று முதலில் போடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். என் வீட்டுக்காரர் காற்றைப் பார்த்து வழி போடுவார், நான் தொட்டியைப் பார்த்து அதைத் திருத்துவேன். சூசியா மாதிரித் தீவுப் பூங்காக்களில் கரையில் கழிப்பறை இருக்கிறது. காலையில் எல்லோரையும் டிங்கியில் (கூட வரும் குட்டிப் படகில்) ஏற்றி ஒரு நடை கூட்டிப் போய்விட்டால் தொட்டிக்குப் பாதி நாள் கூடுதல் ஆயுள். மாமியாரிடம் முதல் நாளே பம்பு அடிக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள், சாப்பிட்டது தவிர வேறு எதுவும் உள்ளே போகக் கூடாது என்பதையும் சேர்த்து. ஈரத் துடைப்பான் ஒன்று போனாலே உங்கள் விடுமுறையில் ஒரு நாள் போய்விடும்.

வடகடல் எழுதியது:

சுக்கான் சொல்வது சட்டப்படி சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு எரிச்சல் உண்டு. எதிர்க்கரையில் கனடாவின் விக்டோரியா நகரம் 2020 கடைசியில் மெக்லாக்லின் பாயின்ட் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் திறக்கும் வரை, ஊர்க் கழிவைச் சல்லடையில் வடிகட்டிவிட்டு நேரே நீரிணையில் விட்டுக்கொண்டிருந்தது. அதைக் கண்டித்து மிஸ்டர் ஃப்ளோட்டி என்று ஒருவர் மலக்கட்டி வேடம் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினார். நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? 2017 பிப்ரவரியில் சியாட்டிலின் வெஸ்ட் பாயின்ட் சுத்திகரிப்பு நிலையம் மழையில் மூழ்கிச் செயலிழந்தபோது, மழைநீரும் சாக்கடையுமாக 23 கோடி காலனுக்கு மேல் சவுண்டில் போனது. இவ்வளவையும் தாங்கின கடல் என் 15 காலனைத் தாங்காதா? சின்னப் படகுக்காரன் தலையில்தான் எல்லாச் சட்டமும் விடிகிறது.

சுக்கான் எழுதியது:

வடகடல், உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. விக்டோரியா விஷயத்தில் நானும் வருஷக்கணக்கில் திட்டியிருக்கிறேன். ஆனாலும் இரண்டும் ஒரே கணக்கில் வராது. நகரத்துக் குழாய் ஆழத்தில், நீரோட்டம் இழுக்கிற இடத்தில் போய் முடியும். படகுகள் எங்கே கொட்டுகின்றன? காற்று படாத, தண்ணீர் சீக்கிரம் மாறாத குட்டி விரிகுடாவில், ஓரிரவில் 30 படகு நங்கூரமிட்ட இடத்தில். அதே இடத்தில் காலையில் பிள்ளைகள் குதித்து நீந்துகிறார்கள். அதே இடத்துச் சேற்றில்தான் சிப்பியும் மட்டியும் வளர்கின்றன. சிப்பி நாள் முழுக்கத் தண்ணீரை வடிகட்டியே சாப்பிடுகிற ஜீவன். நம்மிடமிருந்து போகிற நோரோவைரஸை அது சேர்த்து வைத்துக்கொள்ளும், அதைப் பச்சையாகத் தின்கிறவருக்கு வயிற்றைக் கலக்கும். மெரினாக்களை ஒட்டிய இடங்களில் சிப்பி எடுக்கச் சுகாதாரத் துறை விடாமல் இருப்பது சும்மா இல்லை. சின்னப் படகுக்காரன் தலை என்கிறீர்கள், அந்தச் சிப்பி வளர்க்கிறவனும் சின்ன ஆள்தான்.

சட்டம் போட்டவர்கள் பம்ப்-அவுட் இயந்திரங்களை ஓட்டத்தில் வைத்திருக்க வேண்டும் என்று கேளுங்கள், நானும் உங்களோடு வந்து கத்துகிறேன். வரைபடத்தில் புள்ளி இருக்கும், போய்ப் பார்த்தால் பழுது என்று அட்டை தொங்கும். என் மனத்தாங்கல் அதுதான்.

கரையோரம் எழுதியது:

அளக்கும் கோடு பற்றி எனக்குத் தெரியாது, நன்றி. ஒரு கிளைக் கேள்வி. தொட்டியே வேண்டாம் என்று சிலர் உரக் கழிப்பறை வைக்கிறார்களே, சிறுநீர் தனியாக ஒரு ஜாடியில் சேரும் வகை. அந்த ஜாடியை மட்டும் கடலில் ஊற்றினால்?

சுக்கான் எழுதியது:

கூடாது. மனித உடல் கழிவு எல்லாமே சட்டத்தில் கழிவுதான், சிறுநீரும் அதில் அடக்கம். ஜாடியைக் கரைக்குக் கொண்டுபோய்க் கழிப்பறையில் ஊற்ற வேண்டும். தூக்கிக்கொண்டு போகிற போர்ட்டா-பாட்டி வகையும் அப்படித்தான். அது படகில் பொருத்தப்படாததால் கருவிக்கான விதிகள் அதற்கு இல்லை, ஆனால் தண்ணீரில் கொட்டும் உரிமை யாருக்கும் இல்லை. அதைக் காலி செய்வதற்கு நிறைய மெரினாக்களில் தனித் தொட்டி வைத்திருப்பார்கள்.

கனடாப் பக்கம் தாண்டுகிறவர்களும் கவனிக்க. எல்லை தாண்டினால் விதியும் மாறும். அங்கே பெயர் சொல்லிக் குறித்த சில விரிகுடாக்களில் விதி இன்னும் கறார். போகும் முன் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுமாலுமி எழுதியது:

அக்கா, மிக்க நன்றி. ஒய் வால்வுக்கு டை கட்டியாகிவிட்டது. இந்த வாரக் கடைசியில் முதல் பம்ப்-அவுட்டும் செய்து பார்த்தோம். முதலில் போன இடத்தில் நீங்கள் சொன்ன அந்த அட்டை தொங்கியது. அடுத்த இடத்தில் வேலை செய்தது, ஆனால் இரண்டு சந்தேகம். கொஞ்ச நேரம் நன்றாக ஓடியது, அப்புறம் கண்ணாடியில் ஓட்டம் நின்றுவிட்டது. முனையை லேசாகத் தூக்கினால் புஸ்ஸென்று காற்று போய் மறுபடி ஓடியது. அளவுமானி மட்டும் பாதி என்றே காட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது, காலி செய்து இரண்டு முறை அலசியும் கேபினில் அந்த வாடை போகவில்லை. மருந்து ஏதாவது ஊற்ற வேண்டுமா?

சுக்கான் எழுதியது:

தம்பி, முதலாவது வென்ட் (தொட்டியின் காற்றுக் குழாய்) அடைப்பு. உடனே பாருங்கள், இது விளையாட்டு இல்லை. தொட்டியிலிருந்து மெல்லிய ஹோஸ் ஒன்று படகின் பக்கச் சுவரில் சின்ன ஓட்டையில் போய் முடியும். உறிஞ்சும்போது அந்த வழியாகத்தான் உள்ளே காற்று வர வேண்டும். அது அடைபட்டிருந்தால், பிளாஸ்டிக் பாட்டிலை வாயில் வைத்து உறிஞ்சினால் ஒட்டிக்கொள்ளுமே, அந்தக் கதிதான் தொட்டிக்கும். பம்ப் பலமானதாக இருந்தால் தொட்டி விரிசல் விடும். ஓட்டை வாயில் சிலந்திக் கூடு, உப்பு, அளவுக்கு மேல் நிரம்பியபோது ஏறி வந்து காய்ந்த கழிவு, இவற்றில் ஒன்று இருக்கும். வழியில் கரி வடிகட்டி மாட்டியிருந்தால், அது நனைந்து கட்டியாகியிருக்கும், கழற்றிவிட்டுப் பாருங்கள். அது சரியாகும் வரை டெக் மூடிப் பக்கம் முழுதாக அடைக்காமல் கொஞ்சம் இடைவெளி விட்டு உறிஞ்சுங்கள். அளவுமானியை நம்பாதீர்கள், அந்த உணர்கருவிமேல் படிந்தது படிந்ததுதான். கைப்பம்பை எத்தனை தடவை அடிக்கிறோம் என்று எண்ணுவதே மேல்.

வாடைக்கு மருந்து தேடும் முன் ஒரு சோதனை. ஒரு பழைய துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, கழிவு ஹோஸ் மேல் சுற்றி வையுங்கள். ஆறியதும் துணியை எடுத்து, படகை விட்டு வெளியே வந்து மோந்து பாருங்கள். துணியில் வாடை இருந்தால் ஹோஸ் ஊறிப்போய்விட்டது. எந்த மருந்தும் உதவாது, மாற்றத்தான் வேண்டும். கழிவு தேங்கி நிற்கிற தாழ்வான வளைவுகளில்தான் முதலில் ஊறும், அங்கே சோதியுங்கள். துணி சுத்தமாக இருந்தால் அடுத்தது கைப்பம்பிலிருந்து கழிவு வெளியேறும் இடத்தில் இருக்கும் ஜோக்கர் வால்வு. ரப்பர் உதடு மாதிரி இருக்கும், கழிவு திரும்பி வராமல் தடுப்பது அதுதான். சுண்ணாம்பு படிந்து உதடு மூடாமல் போனால் குழாயில் நிற்பது கிண்ணத்துக்கே ஏறும்.

இன்னொன்று. லேக் யூனியனில் நன்னீர். ஏரிக்கும் சவுண்டுக்கும் நடுவிலுள்ள பல்லார்ட் லாக்ஸ் என்ற மதகுகளைத் தாண்டிச் சவுண்டுக்குள் போனதும் கழிவறைக்குள் வருவது கடல்நீர். அதில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நிறைய. படகைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால், உள்ளே வரும் குழாயில் நின்ற தண்ணீரில் அவை செத்து அழுகி, அழுகிய முட்டை வாடை அடிக்கும். அடுத்த வாரம் முதல் தடவை பம்பு அடித்ததும் வருகிற வாடை பெரும்பாலும் இதுதான், பழி மட்டும் தொட்டிமேல். திரும்பி வந்து ஏரியில் கட்டியதும் நன்னீரை நன்றாக இழுத்து அலசிவிட்டு இறங்குங்கள்.

புதுமாலுமி எழுதியது:

வென்ட் ஓட்டையில் சிலந்திக் கூடு, உள்ளே காய்ந்த கட்டி வேறு. கம்பி விட்டு எடுத்தாயிற்று, ஊதினால் காற்று போகிறது. துணிச் சோதனையில் தொட்டிக்குப் போகும் நீள ஹோஸ் தோற்றுவிட்டது. மனைவி மோந்து பார்க்கவே மறுத்துவிட்டார், தூரத்திலிருந்தே தெரிந்ததாம். என்ன ஹோஸ் வாங்குவது?

சுக்கான் எழுதியது:

ஒன்றரை அங்குலம்தான் பெரும்பாலும், ஆனால் பழையதை அளந்துவிட்டு வாங்குங்கள். கழிவுக்கென்றே வரும், வாடை ஊறாத வகையாகக் கேளுங்கள். விலை கூடத்தான் இருக்கும், மலிவானதை வாங்கி மறுபடி அந்த அலமாரிக்குள் தலைகீழாகத் தொங்குவதற்கு இது தேவலை. ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளாம்ப் போடுங்கள், திருகுகள் எதிரெதிர்ப் பக்கம் இருக்கட்டும். முனை ஏற மறுத்தால் வெந்நீரில் முக்கி எடுத்துத் தள்ளுங்கள். பழையதைக் கழற்றுவதற்கு முன் இன்னொரு தடவை பம்ப்-அவுட் செய்து, அலசி, கிண்ணத்திலிருந்து தண்ணீரே வராத வரை பம்பு அடித்துவிடுங்கள். அப்படியும் ஒரு கப்பளவு வரும். கீழே பழைய துண்டும் குப்பைப் பையும் விரித்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளை அன்றைக்கு வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.